இருமல் நின்றபோது

சில வருடங்களுக்கு முன், மும்பையில் மழை கொட்டித் தீர்த்துக்கொண்டிருந்த சமயம் அது. செம்பூரில் ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாம் மாடியில் நான் தனியாக இருந்தேன். மனைவி போய்ச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. மகள் கனடாவில். தினமும் காலையில் வீடியோ காலில் வந்து, சாப்பாடு, மாத்திரை எல்லாம் விசாரிப்பாள். நான் தலையாட்டுவேன். அதன் பிறகு மறுநாள் வரைக்கும் வாயைத் திறக்க வேலை இருக்காது.

அடுத்த வீட்டில் என் வயதையொத்த ஒரு மராட்டியர். அவரும் தனி ஆள்தான். ஆனால் எங்களுக்குள் பேச்சுவார்த்தை கிடையாது. காரணம் சொன்னால் சிரிப்பீர்கள். வராந்தாவில் நான் வைத்த செருப்பு ஸ்டாண்டு அவர் வழியை மறிக்கிறதாம். சொசைட்டி மீட்டிங்கில் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். நானும் விட்டுக்கொடுக்கவில்லை. அன்றோடு முகத்தைத் திருப்பிக்கொண்டோம்.

அந்த மழையில் எனக்கு இருமல் பிடித்தது. சுக்குக் கஷாயம் போட்டுக் குடித்தேன். தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்தால் ஜுரம் இல்லை. ஜுரமே இல்லாதபோது டாக்டர் எதற்கு என்பது என் கட்சி. மகள் வீடியோ காலில் வந்தால் மட்டும் இருமலை அடக்கிக்கொண்டு பேச்சைச் சீக்கிரம் முடித்துவிடுவேன். அவள் அங்கிருந்து என்ன செய்துவிட முடியும்?

இருமல் வலுத்ததும் இன்னொரு தொல்லை வந்து சேர்ந்தது. நான் தொடர்ந்து இருமினால் அடுத்த வீட்டுக்காரர் சுவரை டொக் டொக்கென்று தட்டுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். என் வீட்டில் நான் இருமுவதற்கு இவரிடம் பர்மிஷன் வாங்க வேண்டுமா? ரோஷத்தில் தலையணைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு இரும ஆரம்பித்தேன்.

ஒரு சாயங்காலம் டீ போட்டேன். இரண்டு டம்ளரில் ஊற்றி, ஒன்றை மனைவி உட்காரும் நாற்காலிக்கு எதிரே வைத்துவிட்டுக் காத்திருந்தேன். “ஆறிப் போறது, வாயேன்” என்று கூப்பிட்டதுகூட நினைவிருக்கிறது. அவள் இல்லை என்பது வெகுநேரம் கழித்துத்தான் உறைத்தது. தனிமையில் புத்தி கலங்கிவிட்டது என்று நினைத்து அழுதேன். அழுவதற்குக்கூட மூச்சு போதவில்லை. மகளிடம் சொன்னால் முதியோர் இல்லம் தேடத் தொடங்கிவிடுவாளோ என்று பயந்து, அதையும் மறைத்துவிட்டேன்.

மறுநாள் எழுந்திருக்கவே முடியவில்லை. இருமத் தெம்பில்லை. மேஜைமேல் போன் அடித்து அடித்து ஓய்ந்தது. கைக்கு எட்டவில்லை. நான் போய்விட்டால் யாருக்கு, எப்போது தெரியும் என்று யோசித்துக்கொண்டு படுத்திருந்தேன். அப்போதுதான் யாரோ கதவை உடைக்கிற மாதிரி இடித்தார்கள்.

“அண்ணா! தர்வாஜா கோலோ, அண்ணா!”

கதவைத் திறக்கச் சொல்லிக் கத்துவது கேட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு போய்த் தாழ்ப்பாளை விலக்கினேன். அடுத்த வீட்டுக்காரர் நின்றிருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் அவர் முகம் மாறிப்போயிற்று. இருமல் சத்தம் ஏன் நின்றுபோனது என்று இந்தியில் கேட்டார். அவ்வளவுதான் என் காதில் விழுந்தது. அவரும் வாட்ச்மேனுமாக என்னைக் கீழே இறக்கி, மழையோடு மழையாக ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

எக்ஸ்ரே எடுத்தார்கள். நிமோனியா. மூக்கில் ஆக்சிஜன், கையில் ஆன்டிபயாடிக் டிரிப். டாக்டர் மாதுங்காவில் வளர்ந்த தமிழ்ப் பெண்.

“ஜுரம் இல்லேன்னா நிமோனியா இல்லேன்னு யார் சொன்னா மாமா? குழந்தைன்னா மூச்சு வேகமா இழுக்கும், அம்மா தூக்கிண்டு ஓடி வந்துடுவா. வயசானவாளுக்குப் பல சமயம் ஜுரமே தெரியாது. பசி போயிடும், குழப்பம் வரும். தனியா இருந்தா அதை யார் கவனிப்பா?”

இரண்டு டம்ளர் விஷயத்தை அவளிடம்தான் முதலில் சொன்னேன். ஆக்சிஜன் குறைந்ததும் தொற்றும் சேர்ந்து அப்படிக் குழப்பியிருக்கும், புத்திக்கு ஒன்றும் இல்லை என்றாள். நிம்மதியாகத்தான் இருந்தது. ஆனாலும் அந்த ஒரு சாயங்காலம் மனைவி உள்ளே இருந்து வந்துவிடுவாள் என்று நம்பி உட்கார்ந்திருந்தேனே, அதுவும் வியாதிதானா என்று துக்கமாக இருந்தது.

ஆஸ்பத்திரிக்குத் தினமும் வந்தவர் அந்த மராட்டியர்தான். தெம்பு வந்ததும் அவரிடம் கேட்டேன்: இப்போது இவ்வளவு செய்கிறீர்களே, அப்போது ஏன் சுவரைத் தட்டித் திட்டினீர்கள்? அவர் விழித்தார். திட்டவில்லையாம். சௌக்கியமா என்று கேட்டாராம்.

“நம்ம ரெண்டு பேருக்கும்தான் பேச்சு இல்லையே அண்ணா, வேற எப்படிக் கேக்கறது?” என்றார், தன் இந்தியில்.

நான் பதிலுக்கு இருமினால் உயிரோடு இருக்கிறேன் என்று எடுத்துக்கொள்வாராம். தலையணைக்குள் இருமியதும் அவருக்குச் சத்தம் குறைந்தது. முழுக்க நின்றதும் ஓடிவந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்த பிறகும் டாக்டர் சொன்ன மாத்திரைகளை ஒன்றுகூட விடாமல் சாப்பிட்டு முடித்தேன். மகளிடம் இப்போது எதையும் மறைப்பதில்லை. செருப்பு ஸ்டாண்டு அதே இடத்தில்தான் இருக்கிறது. அந்தச் சண்டையும் இருக்கிறது. சாயங்காலம் அவர் சுவரைத் தட்டுவார், நான் திருப்பித் தட்டுவேன். வீடு என்னவோ இன்னும் காலிதான். ஆனால் எனக்கென்று யாருமில்லை என்று தலையணையில் முகம் புதைத்துக் கிடந்த நாளெல்லாம் அந்தப் பக்கம் ஒரு மனிதர் என் இருமலுக்காகக் காத்திருந்தார்.