கோழிப்பண்ணையில் இறங்கிய மேகப் பெட்டி

மே இரண்டாம் வாரம் ஓமலூருக்குப் போனேன். இடிமேகத்தின் உச்சியில் மிதக்கும் பொடிப் பனித்துகள்கள் விமான ரேடாரில் சரியாகத் தெரியாது. எஞ்சினுக்குள் புகுந்து உருகி, மறுபடி உறைந்து, அதன் வேகத்தையே குறைத்துவிடும். துகள்கள் எவ்வளவு, என்ன அளவு என்று தெரிந்தால்தான் விமானிகளை எச்சரிக்க முடியும். அதற்கான கருவியைப் பலூனில் கட்டி மேகத்துக்குள் அனுப்புவது என் வேலை. பெட்டிக்குள் ஓடும் பிலிமில் பசை இருக்கும். ஒவ்வொரு துகளும் அதில் தன் அச்சைப் பதிக்கும். இரண்டு வருடம் கெஞ்சி வாங்கிய கருவி, ஒன்றே ஒன்று.

இதே வேலைக்கு வருபவர்கள் காலை நீல வானத்தைப் பார்த்துச் சோர்ந்துவிட வேண்டாம். மூன்று மணிக்கு மேல்தான் மேச்சேரிப் பக்கம் கறுக்கும். பலூன் விட விமான நிலைய அனுமதி கட்டாயம். நான்கு நாள் கறுத்துக் கறுத்துக் கலைந்தது. ஐந்தாம் நாள் நாலரைக்கு விட்ட பலூன் நேராக மேகத்துக்குள் போனது. அன்று சந்தோஷத்தில் இரண்டு பரோட்டா கூடுதலாகச் சாப்பிட்டேன்.

பலூன் மேலே வெடித்ததும், பெட்டி பாராசூட்டில் ராசிபுரம் தாண்டி ஒரு கோழிப்பண்ணையில் இறங்கியிருந்ததை ஜி.பி.எஸ். காட்டியது. மறுநாள் காலை வாடகைக் காரில் கிளம்பினேன். ஐம்பது கிலோமீட்டர், போகவர 2,400 ரூபாய். மழையை நான்தான் விரட்டுகிறேனா என்று டிரைவர் வழியெல்லாம் விசாரித்தார்.

பண்ணை வாசலில் கார் சக்கரங்களை மருந்துத் தண்ணீரில் இறக்கி ஏற்றினார்கள். என் செருப்பையும் முக்கச் சொன்னார்கள்.

பண்ணைக்காரர் பெட்டியைத் துடைத்து நிழலில் வைத்திருந்தார்.

"வானத்துல இருந்து வந்ததுங்க அம்மணி, என்ன கிருமியோ. மூடியத் தொறந்து உள்ளயும் படற மாதிரி மருந்துத் தண்ணியில முக்கிட்டேனுங்க."

பசை முழுக்க உரிந்து, பிலிம் வழவழவென்று இருந்தது. முன்பு ஒரு முறை நோய் வந்து ஒரு கொட்டகைக் கோழி மொத்தமும் போயிற்றாம். அவர் மேல் எப்படிக் கோபப்படுவது? விஷயத்தைச் சொன்னதும் மூடியில் ஒட்டியிருந்த ஆங்கில எச்சரிக்கையைத் தடவிப் பார்த்தார்.

"தமிழ்ல எழுதியிருந்தா தொட்டிருக்க மாட்டனுங்களே."

தமிழிலும் அச்சடிக்க அலுவலகத்தில் மூன்று முறை கேட்டிருந்தேன். தேவையில்லை என்றார்கள். இன்று எழுதும்போதும் பற்றிக்கொண்டு வருகிறது. நீங்கள் யாரையும் கேட்காதீர்கள். உங்கள் கையாலேயே தமிழில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

திரும்பும்போது சேலத்திலிருந்து விமானம். ஜன்னலுக்கு வெளியே ஓர் இடிமேகம் எழும்பியிருந்தது. எங்கள் விமானி சுற்றிக்கொண்டு போனார். எங்களுக்கு மேலே வெகு உயரத்தில் இன்னொரு விமானம் அதன் வெள்ளை உச்சியை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்ல வேண்டிய பெட்டி, மருந்து வாடையோடு என் மடியில் இருந்தது.