கடைசிப் பக்கத்துச் சாபம்

இந்த நாட்டில் வீட்டுக்குள் நுழையும்போது சப்பாத்தைக் கழற்றுகிற மாதிரி, வேலைக்குள் நுழையும்போது கோபத்தையும் கழற்றி வைத்துவிட வேண்டும். இருபது வருடமாக நானும் கழற்றித்தான் வைத்தேன். ஒஸ்லோவில் நான் வேலை செய்கிற நூலகத்தில் சத்தம் போடுகிறவர் ஒரே ஒருவர்தான்: பிரெண்டன். அயர்லாந்துக்காரர். மத்திய கிழக்குக் கிறிஸ்தவர்களின் பழைய மொழியான சிரியாக்கில் கையால் எழுதிய பழைய பைபிள்களை வாசித்தே தலை நரைத்தவர். அவருக்குப் புத்தகத்தை எடுத்துக் கொடுப்பதும் திரும்ப வைத்துப் பூட்டுவதும் என் வேலை.

போன மாதம், நூலகம் புதிதாக வாங்கிய அப்படியொரு பழைய புத்தகத்தின் கடைசிப் பக்கத்தை எனக்கு வாசித்துச் சொன்னார். அதை எழுதிய துறவி தன் ஊர்த் தேவாலயத்தின் பெயரைக் குறித்து, அங்கிருந்து இதைக் கொண்டுபோகிறவன் நாசமாய்ப் போக என்று சாபமும் இட்டிருந்தார். அந்த ஊர்ச் சனம் போரில் சிதறி, சிலர் இப்போது ஒஸ்லோவுக்குப் பக்கத்து ஊரான லில்லெஸ்ட்ரோமில் இருக்கிறார்கள். இந்தப் புத்தகத்தை வைக்கப்போகும் கண்காட்சிக்குத் தான் எழுதிக் கொடுத்த குறிப்பில் இது வர வேண்டும், இல்லையென்றால் தன் பெயரையும் எடுத்துவிடுங்கள் என்று பிரெண்டன் கத்தினார். எங்கள் பொறுப்பாளர் இங்கிரிட் சிரித்த முகத்துடன், "முறைப்படி வாங்கியதுதானே. டெஸ்வார," என்றார். மன்னிக்கவும், முடியாது என்பதை இவர்கள் அந்த ஒரு சொல்லில் முடித்துவிடுவார்கள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மூன்று வருடத்துக்கு முன் ஊருக்குப் போனபோது, யாழ்ப்பாணத்தில் ஒரு ஹொட்டல் வாசலில் எங்கள் வீட்டில் நெல் அவிக்கிற பெரிய பித்தளைக் கிடாரத்தைக் கண்டேன். போரில் இடம்பெயர்ந்தபோது விட்டுவிட்டு ஓடியது. விளிம்பில் அம்மாவின் பெயர் வெட்டியிருந்தது. உள்ளே தாமரைப்பூ மிதந்தது.

"தம்பி, இது எங்கடை கிடாரம். பேர் வெட்டியிருக்கு, பாருங்கோ."

"அக்கா, அது நாங்கள் முறையா வாங்கினது. விருப்பமெண்டால் பக்கத்திலை நில்லுங்கோ, படம் எடுத்துத் தாறன்," என்றான் அங்கே நின்ற மனேஜர்.

நின்றேன். அந்த வெட்கம் இன்னும் ஆறவில்லை.

இங்கிரிட்டின் முன்னால் எனக்கு நொர்வேஜியன் வரவில்லை. "களவெடுத்த சாமானுக்குக் கண்ணாடிப் பெட்டி ஒரு கேடே?" என்று தமிழில் கத்திவிட்டேன். அவர் தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "உங்கள் மொழி எவ்வளவு இனிமையாக இருக்கிறது!" என்றார். பிரெண்டன் தன் பென்சில்களைப் பொறுக்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு போனார். பிறகு வரவேயில்லை. குறிப்பில் அவர் பெயரும் இல்லை, அந்த ஊரின் பெயரும் இல்லை.

கண்காட்சி தொடங்கிய அன்று, பிரெண்டன் சொல்லி அனுப்பியதாக லில்லெஸ்ட்ரோமிலிருந்து ஒரு முதியவர் வந்தார். கண்ணாடிக்கு வெளியே நின்று உதடசைத்து வாசித்தார். தங்கள் ஊர்ப் புத்தகம், ஒரு தரம் தொட்டு முத்தமிட வேண்டும், திறக்க முடியுமா என்று என்னிடம் கேட்டார். பெட்டியைத் திறக்கிற திறப்புக்கோர்வை என் இடுப்பில்தான் தொங்கியது. தூரத்தில் இங்கிரிட் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"டெஸ்வார," என்றேன். அவர் முகத்தைப் பார்க்க முடியாமல், "விரும்பினால் பக்கத்தில் நில்லுங்கள், படம் எடுத்துத் தருகிறேன்," என்றும் சொன்னேன்.

அவர் நின்றார்.