நூற்றுப் பன்னிரண்டு நெற்று

பிப்ரவரி ஒன்பதாம் தேதி, காலை ஏழு இருபது. சின்னமனூரில் பனி இன்னும் விலகவில்லை. இரண்டு நாள் மகள் வீட்டில் இருந்துவிட்டுத் திரும்பியவன், பையைக்கூட இறக்காமல் கொல்லைக்குப் போனேன். எல்லாம் சேர்ந்து காயட்டும் என்று தட்டாம்பயறுச் செடியில் நான் எண்ணி விட்டுப்போன நூற்றுப் பன்னிரண்டு நெற்றில் ஒன்றுகூட இல்லை.

வேலிக்கு அந்தப் பக்கம் பேச்சியம்மாள் முறத்தில் பயறு உரித்துக்கொண்டிருந்தாள். என் மனைவி இறந்தபிறகு தினமும் காலையில் என்னை எட்டிப் பார்க்கிறவள் அவள் ஒருத்திதான். அது அப்போது நினைவில் இல்லை. தெருவே கேட்கும்படி அவளைத் திருடி என்றேன்.

அவள் முறத்தையும் ஒரு பையையும் வேலிமேல் வைத்தாள்.

"வெயில் ஏறுனா நெத்து வெடிச்சு மண்ணுல செதறிரும் பெரியப்பா. அதான் பனி ஈரத்துலயே பறிச்சு, உங்களுக்குத்தான் உரிச்சுக்கிட்டு இருந்தேன். தொலியவும் பையில போட்டு வச்சிருக்கேன். கணக்குக் கேப்பீகன்னு தெரியும்."

அத்தோடு நான் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அவள் கண்ணெதிரே முறத்தில் மீதமிருந்த நெற்றையும் பையிலிருந்த தொலியையும் எண்ணினேன். நூற்றுப் பன்னிரண்டும் சரியாக இருந்தது.

"சரியா இருக்கா?" என்று கேட்டாள்.

"இருக்கு" என்றேன். அந்த ஒரு சொல்லுக்காக என்மேல் எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

மறுநாளிலிருந்து அவள் வேலிப் பக்கம் வருவதில்லை. காலையில் வந்து நான் எழுந்துவிட்டேனா என்று பார்த்துப்போக மகள் ஓர் ஆள் வைத்திருக்கிறாள். மாதம் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்.