பூனை என்று சொல்லக் கூடாத நாள்

எங்கள் வீட்டுப் பூனைக்கு வாய் மூடாது. சோறு போட்டாலும் கத்தும், போடாவிட்டாலும் கத்தும். பசிக்குக் கத்துகிற பூனை ஊரில் எல்லார் வீட்டிலும் இருந்தது. எங்களுடையது, தன்னை யாரும் பார்க்கவில்லையே என்று கத்துகிற பூனை. நான் புத்தகத்தை எடுத்தால் அதன்மேல் வந்து உட்காரும். தள்ளிவிட்டால் இரண்டடி தள்ளிப்போய், முதுகைக் காட்டிக்கொண்டு ஆரம்பிக்கும். அந்தச் சத்தத்தை மியாவ் என்று எழுதினால் அது பொய். பச்சைக் குழந்தை வயிற்றுவலியில் வீறிடுகிற சத்தம் அது. நடுவில் மூச்சை இழுத்துக் கேவல் வேறு. வளையல் விற்கிற அம்மாள் ஒருமுறை வாசலில் கூடையை இறக்கி வைத்துவிட்டு, "ஏம்மா, கொயந்தைய அய வுட்டுட்டு உள்ள இன்னா பண்றீங்க? தூக்குங்கம்மா!" என்று திட்டிவிட்டுப் போனாள். அதன் பக்கம் திரும்பி, "இன்னாடி வேணும் ஒனக்கு?" என்று கேட்டால் போதும், கப்சிப். ஒன்றுமே நடக்காதது போலக் காலை நக்க ஆரம்பித்துவிடும். சனியன்.

எண்பதுகளின் தொடக்கம் அது. உத்திரமேரூர் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. நான் வெளியூரில் டீச்சர் டிரெய்னிங் முடித்துவிட்டு, எம்ப்ளாய்மெண்ட் கார்டு வருமா வருமா என்று தபால்காரர் முகத்தைப் பார்த்துக்கொண்டு இரண்டு வருஷமாக வீட்டில் இருந்தேன். அதற்குள் இரண்டு வரன்கள் வந்து போயிருந்தன. இரண்டு வீட்டிலும், "பொண்ணு வேலைக்கிப் போவ வேணாம்" என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். நானும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மூன்றாவது வரன் ஓரிக்கையிலிருந்து வந்தது. பையன் காஞ்சிபுரத்தில் ஓர் ஆபீசில் கிளார்க். "வேலை கெடைச்சா போவட்டுமே, அதுல இன்னா கீது" என்று அவர்கள் வீட்டில் சொன்னதாகத் தரகர் சொன்னார். போட்டோவில் சுருட்டை முடி. எனக்குப் பிடித்திருந்தது. சும்மா சொல்லக் கூடாது, ரொம்பவே பிடித்திருந்தது. இது அமைய வேண்டும் என்று மனசார ஆசைப்பட்டேன்.

பெண் பார்க்க வருகிற அன்று வீட்டில் பெரிய பிரச்சினை பூனைதான். வருகிறவர்கள் வாசற்படி ஏறும்போது குறுக்கே ஓடினால் கதை முடிந்தது. "புடிச்சி நெல்லு ரூம்ல போட்டுப் பூட்டு" என்றார் நைனா. அவரே பிடித்து, கையில் நாலு கீறல் வாங்கிக்கொண்டு, பூட்டி, சாவியை இடுப்பு வேட்டியில் முடிந்துகொண்டார். அம்மா அதற்கு ஒருபடி மேலே. நல்ல காரியம் பேசுகிற இடத்தில் பூனையைப் பார்க்கக் கூடாது என்பது மட்டுமில்லை, பூனை என்ற சொல்லையே வாயால் சொல்லக் கூடாது என்பது அம்மாவின் சட்டம். காலையிலிருந்தே "அது", "அது" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். "அது பால் குடிச்சிதா?" "அத்த பூட்டியாச்சா?" என்னையும் மிரட்டி வைத்திருந்தாள். "அந்தப் பேர மட்டும் வாயில எடுத்த, தொலைச்சிடுவேன்."

சாயங்காலம் நாலு மணிக்கு வந்தார்கள். மாப்பிள்ளை, அவருடைய அம்மா, அத்தை. பேச்செல்லாம் அத்தைதான். மாப்பிள்ளைக்குக் கூடத்தில், நெல் ரூம் ஜன்னலை ஒட்டி நாற்காலி போட்டிருந்தது. நான் சொஜ்ஜியும் பஜ்ஜியும் வைத்த தட்டோடு வந்து நின்றேன். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். உள்ளே இருந்ததை யாரும் பார்க்கவில்லை. அவ்வளவுதான், ஆரம்பித்துவிட்டது.

முதல் வீறலுக்கே அத்தையின் கை பஜ்ஜிக்குப் பாதி வழியில் நின்றது. "இன்னாம்மா, வூட்ல கைக்கொயந்த கீதா?"

அம்மா மாட்டிக்கொண்டாள். வீட்டில் குழந்தை கிடையாது. சொல்ல வேண்டிய சொல்லோ இன்றைக்கு வாயில் வரக் கூடாத சொல். கடைசியில், "கொயந்த மாதிரிதாங்க. அது... நம்ம பொண்ணோடதுங்க" என்றாள்.

நான் தட்டோடு அம்மாவின் பக்கம் திரும்பிக் கண்ணைக் காட்டினேன். அவள் கவனிக்கவில்லை.

"பொண்ணோடதா?" என்றாள் அத்தை.

"ஆமாங்க. பொறந்ததுலருந்து இவதான் வளக்கறா. ரெண்டு வயசு ஆவப்போவுது. இவ இல்லாம இருக்காது. நீங்க வரீங்கன்னு இப்பத்தான் ரூம்ல போட்டுப் பூட்டினோம்." அம்மாவுக்குப் பேச்சு வந்துவிட்ட சந்தோஷம். அந்தச் சொல்லைத் தொடாமலே சமாளித்துவிட்டாள் அல்லவா.

அத்தை மெதுவாகக் கேட்டாள். "அதுக்கு... அப்பன்?"

"அத்த யாரு கண்டா? ஊர் சுத்தறது எதுனா ஒண்ணா இருக்கும்" என்று சொல்லி அம்மா சிரித்தாள். சிரிக்கவும் செய்தாள், கடவுளே!

நான் தட்டைக் கீழே வைத்துவிட்டு, "பூனைங்க அது! பூனை!" என்று கத்தினேன். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள், நான் அபசகுனமாகப் பேசிவிட்டேனே என்று. அதைப் பார்த்த அத்தைக்கு, அம்மா சொல்லிவிட்டதை நான் இப்போது பொய் சொல்லி மூடுகிறேன் என்று தோன்றியிருக்க வேண்டும். நைனாவுக்கு அப்போதுதான் விஷயம் உறைத்தது. எழுந்து ஓடினார். இடுப்பு முடிச்சு அவிழவில்லை. பல்லால் கடித்து அவிழ்த்துச் சாவியைப் போட்டுக் கதவைத் திறந்தார். உள்ளே நெல் மூட்டை இருந்தது, எலிப்பொறி இருந்தது, ஜன்னலில் ஒரு கம்பி வளைந்திருந்தது. பூனை இல்லை. சத்தமும் இல்லை.

"செரி, செரி. பூனை" என்றாள் அத்தை. மாப்பிள்ளையின் அம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு எழுந்தாள். "போய் லெட்டர் போடறோம்." மாப்பிள்ளை யார் முகத்தையும் பார்க்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு போனார். பஜ்ஜியை யாரும் தொடவில்லை. அவர்கள் தெருமுனை தாண்டியதும் பூனை புறக்கடை வழியாக வந்து என் காலில் உரசிக்கொண்டு நின்றது.

லெட்டர் வரவில்லை. செய்திதான் ஊர் முழுக்க வந்தது. டிரெய்னிங்குக்கு வெளியூர் போன பெண் குழந்தையோடு திரும்பி வந்திருக்கிறாள், நெல் ரூமில் பூட்டி வளர்க்கிறார்கள். கோயிலுக்குப் போனால் என் இடுப்பைப் பார்த்துப் பேசினார்கள். தரகர் எங்கள் தெருப் பக்கம் வருவதையே விட்டுவிட்டார். இந்த வரன் போனால் போகட்டும், இனி ஒருவனும் வாசல் மிதிக்க மாட்டான் என்று நைனா சொன்னார். அம்மா சரியாகச் சாப்பிடவில்லை. தன் வாயால் என்ன சொன்னோம் என்பது அவளுக்குப் புரிந்த அன்று, பூனையை விட்டுவிட்டுத் தன்னையே துடைப்பத்தால் அடித்துக்கொண்டாள். நான்தான் பிடுங்கினேன்.

பத்தொன்பதாம் நாள் எனக்குப் பொறுக்கவில்லை. அம்மாவின் தம்பியைக் கூப்பிட்டு, "மாமா, கெளம்பு. ஓரிக்கைக்குப் போறோம். நேர்ல காட்டிட்டு வந்துடலாம்" என்றேன்.

"பொண்ணே மாப்ள வூட்டுக்குப் போறதா? ஊரு சிரிக்கும்" என்றார் மாமா.

"இப்ப மட்டும் அயுதுக்கினா கீது?" என்றேன்.

பச்சை ஒயர் கூடையில் பூனையைப் போட்டு, மேலே துண்டைக் கட்டிக்கொண்டு பஸ் ஏறினோம். ஏறியதிலிருந்து அலறல்தான். பின் சீட்டு அம்மா ஒருத்தி எழுந்து வந்து, "எம்மா, கொயந்தைய கூடையிலயா வச்சிக்கினு போவ, மூச்சு முட்டிடப்போவுது!" என்று துண்டை இழுத்தாள். கண்டக்டர், "இன்னா பேஜாரும்மா இது" என்றார். எனக்கோ தாங்க முடியாத சந்தோஷம். கத்துடி என் ராசாத்தி, நல்லாக் கத்து என்று கூடையைத் தட்டிக் கொடுத்துக்கொண்டே போனேன்.

ஞாயிற்றுக்கிழமை. ஓரிக்கை வீட்டில் மூன்று பேரும் இருந்தார்கள். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. கூடத்தின் நடுவில் கூடையை வைத்துத் துண்டை அவிழ்த்தேன். "இதுதாங்க கொயந்த. கேளுங்க."

பூனை வெளியே வந்தது. எல்லாரும் அதையே பார்த்தார்கள். அது எல்லாரையும் பார்த்தது. உட்கார்ந்து, பின்னங்காலை மேலே தூக்கி, நக்க ஆரம்பித்தது. ஒரு சத்தம் இல்லை. "கத்துடி" என்றேன். நக்கியது. வாலை இழுத்தேன். திரும்பி ஒரு பார்வை பார்த்துவிட்டு நக்கியது. ஐந்து நிமிடம் ஆனது. அத்தை உதட்டைப் பிதுக்கினாள். "ஊருல பூனைக்கா பஞ்சம்? எத்தையோ ஒண்ணு புடிச்சிக்கினு வந்துட்டா."

பத்து கண் அதன் மேல் இருக்கிறது, அது ஏன் கத்தப்போகிறது என்று அப்போதுதான் புத்தியில் பட்டது. "எல்லாரும் அப்பிடியே சொவத்துப் பக்கம் திரும்பி நில்லுங்க" என்றேன்.

"எங்க வூட்ல வந்து எங்களையே திரும்பி நிக்கச் சொல்றியா?" என்றாள் அத்தை.

"அஞ்சி நிமிசம்தாங்க. ஒங்களக் கும்புடறேன்."

மாப்பிள்ளையின் அம்மாதான் முதலில் திரும்பினாள். பிறகு மாப்பிள்ளை, மாமா, கடைசியில் முணுமுணுத்துக்கொண்டே அத்தை. நானும் காலண்டரைப் பார்த்து நின்றேன். நக்குகிற சத்தம் நின்றது. ஐந்து முதுகையும் அது எண்ணியிருக்கும். பிறகு கொடுத்தது பாருங்கள் ஒரு வீறல், மூச்சிழுப்பும் கேவலுமாக! "ஐயோ, கொயந்த!" என்று அத்தை துள்ளித் திரும்பினாள். பூனை கப்சிப். மறுபடி திரும்பினார்கள், வீறிட்டது. பார்த்தார்கள், நிறுத்தியது. மூன்றாம் தடவை அத்தையே, "திரும்புங்க, திரும்புங்க, இன்னொரு வாட்டி" என்று எல்லாரையும் விரட்டினாள். சிரித்துச் சிரித்து அவளுக்குக் கண்ணில் தண்ணீர். மாப்பிள்ளையின் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "மனசுல ஒண்ணும் வச்சிக்காதம்மா" என்றாள். எனக்கு உயிர் வந்தது.

அப்போதுதான் மாப்பிள்ளை முதல்முறையாக வாயைத் திறந்தார். அவரும் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். "எனக்கு அன்னிக்கே தெரியும், பூனைதான்னு. ஒங்க நைனா முடிச்ச அவுத்துக்கினு இருந்தப்ப, ஜன்னல் கம்பியில நுழைஞ்சி வந்து என் கால்கிட்ட குதிச்சிது. நான்தான் காலால அப்பிடித் தள்ளி வுட்டேன்."

"கண்ணால பாத்தீங்களா?" என்றேன்.

"பாத்தனே."

"அப்ப ஏங்க சொல்லல?"

அவர் தன் அம்மாவைப் பார்த்தார், அத்தையைப் பார்த்தார். "பெரியவங்க பேசிக்கினு கீறப்ப நடுவுல நாம இன்னா பேசறது..."

"அதான் எல்லாம் தெளிஞ்சிடிச்சே. வர்ற மாசத்துல ஒரு நல்ல நாளாப் பாத்துடலாமா?" என்றாள் அவருடைய அம்மா. மாமாவின் முகம் மலர்ந்து போனது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் பூனையைத் தூக்கிக் கூடையில் போட்டுத் துண்டைக் கட்டினேன்.

"வேணாங்க" என்றேன்.

"இன்னாடி சொல்ற?" என்றார் மாமா.

"பத்தொம்போது நாளா எங்கம்மா சரியா சோறு துன்னல. நான் வெளிய தல காட்ட முடியல. இவருக்கு அன்னிக்கே தெரிஞ்சிருக்குது. நாளைக்கி எவனாவது என்ன எதுனா சொன்னாலும், பெரியவங்க பேசி முடிக்கட்டும்னு இவரு குந்திக்கினுதான் இருப்பாரு."

பஸ் ஸ்டாப்பில் நின்று நன்றாக அழுதேன். வேலைக்குப் போகட்டும் என்று சொன்ன ஒரே வீடு அது. அந்தச் சுருட்டை முடியையும் சேர்த்துத்தான் அழுதேன். மாமா பெட்டிக்கடையில் ஒரு சோடா வாங்கி வந்து என் கையில் கொடுத்தார்.

"காலால தள்ளினேன்னா சொன்னான்?" என்று கேட்டார்.

"ஆமா."

"தள்ளிட்டு, ஒண்ணுமே தெரியாத மாதிரி குந்திக்கினு இருந்தானா?"

"ஆமா மாமா."

பஸ் வந்தது. "ஏறு" என்று சொல்லிவிட்டு, பூனைக் கூடையை அவரே தூக்கிக்கொண்டார்.