நிலானி பதில் போடாத கடிதம்

என் தங்கச்சி நிலானி விஞ்ஞானப் பட்டப்படிப்பில் இரண்டு வருடம் முடித்துவிட்டாள். இன்னும் ஒரு வருடம் இருக்கும்போதே பார்மசிப் படிப்புக்கு இடம் கிடைத்துவிட்டது. வெள்ளி மாலை ஐந்து மணிக்குள் சம்மதம் சொல்லாவிட்டால் இடம் வேறொருவருக்குப் போய்விடும் என்று கடிதத்தில் இருந்தது.

நான் ஊரில் ஓ.எல். பரீட்சை வரைதான், பதினோராம் வகுப்போடு, படித்தவள். ஆனாலும் அந்தக் கடிதத்தை அச்செடுத்து, விளங்காத சொற்களுக்குக் கீழே கோடு போட்டு, மூன்று தடவை வாசித்தேன். கடிதத்தில் ஒரு குறையும் இல்லை. நிலானிதான் சரியில்லை.

“டிகிரியை முடிச்சிட்டுப் போறன் அக்கா. அடுத்த வருசமும் அப்ளை பண்ணலாம்தானே.”

பதின்மூன்று வயதிலேயே அம்மாவின் மருந்துக் குளிசைப் பெட்டிகளுக்குள் இருக்கும் விளக்கத் துண்டுகளை விரித்து வாசித்தவள் அவள். பக்கத்துச் சான்ட்ரிங்ஹாமில் பார்மசி வைத்திருக்கும் சில்வெஸ்ரர் அண்ணையிடம் தானே போய்ச் சனிக்கிழமை வேலை கேட்டு வாங்கினாள். அப்படிப்பட்டவளுக்குத் திடீரென்று டிகிரியில் என்ன ஆசை?

“அந்த வகுப்பில எவனும் இருக்கிறானே?”

“அக்கா!”

“அப்ப பெயிலோ?”

போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். எல்லாம் ஏ. ஒன்று மட்டும் பி பிளஸ்.

“இந்த பி பிளஸ் ஏன்?”

“நீங்கள் பொலிஸில சேர்ந்திருக்கோணும்.”

பிறகுதான் கவனித்தேன், அவள் இரண்டு சனிக்கிழமையாக வேலைக்குப் போகவில்லை. தடிமன் என்றாள். ஒரு தும்மல்கூடக் கேட்கவில்லை. சில்வெஸ்ரர்தான் ஏதோ சொல்லிப் பயப்படுத்தியிருக்கிறார் என்று முடிவு கட்டி, வியாழன் வேலை முடிந்ததும் நேரே அவரிடம் போனேன்.

“என்ர தங்கச்சிக்கு என்ன சொன்னனீங்கள்?”

“பிள்ளை சொல்லேல்லையே?” என்று கண்ணாடியைக் கழற்றினார்.

ஒரு வயதானவருக்கு ஏழு நாள் குளிசைகளை வேளைவாரியாகப் பிரித்துச் சிறு அறைகள் உள்ள பெட்டியில் அடைக்கும்போது, நிலானி காலைக் குளிசை ஒன்றை இரவுக்குரிய அறையில் போட்டுவிட்டாளாம்.

“நான் சரிபார்த்துக் கையெழுத்தும் வைச்சிட்டன். எனக்கே பிடிபடேல்லை. அவள்தான் திரும்பி வந்து, ‘அங்கிள், ஒருக்கா திறந்து பாப்பம்’ எண்டவள். மருந்து கடையை விட்டுப் போகேல்லை, ஒருத்தருக்கும் ஒண்டும் நடக்கேல்லை. பிழைப் புத்தகத்தில ரெண்டு பேரின்ர பேரையும் எழுதினன். அழுதுகொண்டு போனவள்தான், பிறகு வரேல்லை.”

புத்தகத்தைக் காட்டச் சொன்னேன். நோயாளியின் பெயரைக் கையால் மறைத்துக்கொண்டு காட்டினார். இரண்டு பெயரும் இருந்தன. அவருடையது மேலே.

வீட்டுக்கு வந்து, “ஏனடி சொல்லேல்லை?” என்றேன்.

“எப்பிடிச் சொல்றது? கோயிலில காணுற ஆக்களுக்கெல்லாம் என்னைப் பார்மசிஸ்ட் எண்டு சொல்லித் திரியிறியள். ஒரு வருசம் போனா இந்தப் பயம் போயிடும் எண்டு நினைச்சன்.”

நான் முதியோர் இல்லத்தில் உடுப்புத் தோய்ப்பவள். போன மாதம் ஒருவருடைய சுவெற்றரை இன்னொருவரின் அலுமாரியில் வைத்துவிட்டேன். மறுநாள் ஒருவருக்கும் தெரியாமல் மாற்றினேன். அதை அவளிடம் சொன்னேன்.

நிலானி நிமிர்ந்து பார்த்தாள். “கள்ளி! நான் ஒரு மணித்தியாலத்தில சொல்லிட்டன். நீங்கள் ஒரு மாசமா மறைச்சு வைச்சிருக்கிறியள்!”

“ஓம். நீ என்னைப் போல இல்லை.”

அச்செடுத்த கடிதத்தை எடுத்துக்கொண்டு தன் அறைக்குள் போனாள். வெள்ளி மூன்றரைக்குச் சம்மதம் அனுப்பினாள். வந்த பதிலை நான் மேலிருந்து கீழ்வரை வாசித்தேன்.

மறுநாள் காலை வேலைக்கென்று வெளிக்கிட்டாள். எனக்கு மனம் கேட்கவில்லை. பத்து மணிக்கு சில்வெஸ்ரர் அண்ணைக்குப் போன் எடுத்தேன்.

“வந்திட்டாள், வந்திட்டாள். போனை வையுங்கோ, அவள் குளிசை எண்ணிக்கொண்டிருக்கிறாள்.”