ஆல் பாஸ் ஆகாத ஒரு பொருள்

கூட்டம் நடத்துறதுதான் எங்க தொழில்; முடிவெடுக்கிறது வேற யாரோட தொழிலோ, எனக்குத் தெரியாது. சங்கம், சொசைட்டி, கோயில் கமிட்டின்னு எங்கயாவது மினிட்ஸ் எழுதி மண்டை காஞ்சவங்க இருந்தா, பக்கத்துல வந்து உக்காருங்க. நீங்க என் இனம். நான் தூத்துக்குடிக் கடலோரத்துல ஒரு சின்ன நகராட்சியில கூட்டப் பிரிவு கிளார்க். ஊர்ப் பேரைக் கேக்காதீங்க, நாளைக்கும் நான் வேலைக்குப் போகணும்.

சொல்லப்போறது எல்லாம் ஒரே ஒரு தீர்மானம் பட்ட பாடு. மீன் ஏலம் நடக்கிற கரையில பொம்பளைங்களுக்கு ஒரு கழிப்பறை வேணும். கேட்டது கவுன்சிலர் பிலோமி அக்கா, அவங்களும் மீன் வித்தவங்கதான். விடியுமுன்ன கரைக்கு வார பொம்பளைங்க, வித்து முடிச்சு வீடு போற வரைக்கும் ஒதுங்க இடமில்லாம, தண்ணி குடிக்கவே பயந்து கிடக்காங்க. நீர்க்கடுப்புக்கு மாத்திரை வாங்காதவங்க அங்க ஒருத்தர்கூட இல்ல.

தனியா விவாதிக்கணும்

எங்க மன்றத்துல ஒரு பழக்கம். தீர்மானத்துக்கு வார பொருளை ஒவ்வொண்ணா வாசிச்சா பொழுது போயிரும்னு, கருப்பட்டி மொத்த வியாபாரம் பண்ற எங்க தலைவர் அண்ணாச்சி, "எல்லாம் ஆல் பாஸ்!"ம்பாரு. எல்லாரும் மேசையைத் தட்டுவாங்க. ரோடு, தெருவிளக்கு, குப்பை வண்டி அம்புட்டும் ஒரே தட்டுல பாஸ்.

அக்காவோட பொருளை மட்டும் விவாதம்னு சொல்லித் தனியா எடுத்து வச்சிருவாரு. கழிப்பறை கேக்கிற இடத்துல அண்ணாச்சியோட மச்சான் லாரி நிக்குது, வேற ஒரு விவாதமும் கிடையாது. ஒரு தடவை எனக்குப் பொறுக்கல, ஏன் அண்ணாச்சி இப்படின்னு கேட்டுட்டேன்.

"முக்கியமான பொருள்லா தாயி, அதான் கடைசில நிதானமா பாப்போம்ங்கேன்."

வெளிநடப்புக்கு முகூர்த்தம்

எதிர்க்கட்சித் தலைவர் ரிட்டயர்டு வாத்தியார், எதையும் ஒழுங்கா செய்வாரு. கூட்டத்துக்கு முந்தின நாளே என்கிட்ட வந்து, எந்தப் பொருள்ல வெளிநடப்பு செய்யலாம்னு கேட்டுக்கிடுவாரு. பத்திரிகைக்குப் போட்டோ எடுக்கிறவர் மதியச் சாப்பாட்டு நேரத்துக்குத்தான் வருவாரு, அதனால எப்பவும் கடைசிப் பொருளுக்கு முன்னதான்.

அவங்க கோஷம் போட்டு வெளிய போனா, வராந்தாவுல பிரியாணி வாசம். ஆளுங்கட்சியும் பின்னாலயே நழுவும். கூட்டம் நடக்கக் குறைஞ்சபட்சம் இத்தனை பேர் உள்ள இருக்கணும்னு விதி, அதான் கோரம். கோரம் இல்ல, கூட்டம் முடிஞ்சுது. நீங்க அக்காவை ஆதரிக்கிறவராச்சே சார்னு வாத்தியாரை மடக்கினேன்.

"ஆதரவு மனசு நிறைய இருக்கும்மா. பிரியாணி ஆறிருமே."

குழு பார்வையிட்டது

அக்கா விடல. கத்திக் கத்தி ஒரு ஆய்வுக் குழு வாங்கினாங்க. குழுன்னா ஒரு விஷயத்தைப் பதமா ஊறப்போடுற பானைன்னு உங்களுக்கே தெரியும். மீன் ஏலம் விடியக்காலம். குழு போனது சாயங்காலம், வெயில் தாழ்ந்தப்புறம். கரையில நாலு நாயும், வலை பின்னுற ஒரு பெரியவரும்தான். குழுத் தலைவர் இடுப்புல கை வச்சு நாலா பக்கமும் பாத்தாரு. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு ஃபைலைத் தூக்கிக் கடல்ல போட்டிருப்பேன்.

"இங்கன ஒரு பொம்பளையையும் காணலியே, யாருக்கு வே கக்கூஸ்?"

பதநீர்

போன கோடையில ஒரு கூட்டம். எல்லா வார்டு ரோடும் அன்னைக்குப் பாஸாகியே ஆகணும். பாதிப் பேர் ஒரு கல்யாணத்துக்குப் போயிட்டாங்க. உள்ள இருக்கிறவங்கள்ல ஒருத்தர் எழுந்தாலும் கோரம் போச்சு, ரோடும் போச்சு. இதுல காலையிலயே தண்ணி மோட்டார் புகைஞ்சு, ஆபீஸ் கழிப்பறை ரெண்டையும் பூட்டியாச்சு. அது தெரியாம, உடன்குடியில பொண்ணு எடுத்த ஒரு கவுன்சிலர் குடங்குடமா பதநீர் கொண்டாந்தாரு. சும்மா கிடைச்சா விடுவாங்களா? அண்ணாச்சி மட்டும் நாலு டம்ளர்.

அண்ணாச்சி வாயைத் திறக்குமுன்ன பிலோமி அக்கா எந்திரிச்சாங்க. "விதிப்படி ஒவ்வொரு பொருளையும் முழுசா வாசிக்கணும். ஏளா, வாசி." நானும் வாசிச்சேன். நிறுத்தி, நிதானமா, ஒரு புள்ளி விடாம வாசிச்சேன். உறுப்பினர்கள் காலை மாத்தி மாத்திப் போட்டாங்க. வாத்தியார் கண்ணை மூடி ஸ்லோகம் சொன்னாரு. அண்ணாச்சிக்கு நெத்தியெல்லாம் வேர்வை. ஏழாவது பொருள்ல மனுசன் துள்ளி எழுந்து, "ஏ, எல்லாம் ஆல் பாஸ்! கடைசி வரைக்கும் ஆல் பாஸ்!"ன்னுட்டு வேட்டியைப் பிடிச்சுக்கிட்டு கொல்லைப்பக்கம் ஓடினாரு. அவரு வாசலைத் தாண்டுமுன்ன தட்டினாங்க பாருங்க மேசையை, அப்படியொரு தட்டு!

திரும்பி வந்தவருக்கு அப்பதான் உறைச்சுது. "கடைசிப் பொருளுமா?" "கடைசி வரைக்கும்னீங்க அண்ணாச்சி, எழுதியாச்சு"ன்னேன். அக்கா சிரிக்கல. கண்ணைத் துடைச்சுக்கிட்டு அவரை நேராப் பாத்தாங்க.

"ஒரு மணி நேரம் அடக்கினதுக்கே இந்த ஓட்டம் ஓடுதியளே அண்ணாச்சி, எங்க பொம்பளைங்க வாக்கப்பட்ட நாள்ல இருந்து அடக்கிக்கிட்டு நிக்காளுவ."

நகராட்சி விதியையெல்லாம் கரைச்சுக் குடிச்சவ நான், ஆனா அந்தக் கழிப்பறையைக் கட்ட வச்சது அவங்க குடிச்ச பதநீர்தான்.