கோல் விழாத படி

செட்டிகுளத்துக் களத்தில் அறுவடைக் கூலி ஆளுக்கு நாலு படி கம்பு. ஆணுக்கு அளக்கும்போது படியின் மேல் கம்பு கோபுரமாகக் குவிந்திருக்கும். பெண்ணுக்கு அளக்கும்போது பண்ணைக்காரர் நடராசன் ஒரு கோலை எடுத்துப் படியின் வாயோடு வழித்துவிடுவார். குவியல் திரும்பவும் அவர் அம்பாரத்துக்கே போய்ச் சேரும். எந்தச் சாமி இதற்கு உத்தரவு போட்டது என்று யாரும் கேட்டதில்லை. வழக்கம் என்றார்கள், வழக்கம் என்றால் இந்த நாட்டில் மூளைக்கு ஓய்வு.

கொளஞ்சியம்மாள் கணவனை இழந்தவள். இரண்டு பெண் பிள்ளைகள். கோல் வழித்துத் தள்ளும் கம்பு இருந்தால் பிள்ளைகளுக்கு இராக் கூழும் உண்டு, இல்லையென்றால் தண்ணீர்தான்.

நாற்பத்தாறாம் வருஷம் ஐப்பசியில், கிராமங்களின் கூலி நிலவரத்தை ஆராய்ந்து எழுத அமிர்தசாமி என்ற கல்லூரி ஆசிரியர் திருச்சியிலிருந்து வந்தார். பண்ணைக்காரரிடம் விசாரித்துவிட்டுக் களத்துப் பக்கம் வந்தவர் மகிழ்ச்சியாகச் சொன்னார்:

"உங்க ஊர்ல ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலியாமே. நாலு படின்னு எழுதிக்கிட்டேன்."

பெண்கள் சிரித்துவிட்டார்கள். கொளஞ்சியம்மாள் கோலின் கதையைச் சொன்னாள். அவர் முகம் சுருங்கியது. எழுதியதை அடிக்கப் பேனாவைத் திறந்தார்.

"அழிக்காதீங்க சார்," என்றாள் அவள். "அது அப்படியே இருக்கட்டும். நாங்க இங்க சரி பண்ணிக்கிறோம்."

மறுநாள் மாடுகளை விட்டுப் பிணையடித்து முடித்த கம்பு உமியும் தூசியுமாகக் களத்தில் கிடந்தது. மேற்கே மேகம் கறுத்து வந்தது. பெண்கள் முறங்களைக் கவிழ்த்துப் போட்டு அவற்றின் மேலேயே உட்கார்ந்துகொண்டார்கள்.

"என்னடி இது? மழை வருது, பொடைங்க," என்றார் நடராசன்.

"ஒரே கூலின்னு திருச்சி சாருகிட்ட சொன்னீங்களாம் எசமான். கோலை ஒடிச்சுப் போட்டா உடனே பொடைக்கிறோம்," என்றாள் கொளஞ்சியம்மாள்.

"ஆம்பளை பலமும் உங்க பலமும் ஒண்ணா?"

"பலம் உள்ளவங்க வந்து பொடைக்கட்டும்," என்று ஆண்கள் பக்கம் ஒரு முறத்தை நீட்டினாள்.

ஆண்கள் ஓர் அடி பின்வாங்கினார்கள். மூட்டை தூக்குவார்கள், மாட்டை அடக்குவார்கள். முறத்தைத் தொட்டால் மட்டும் ஊர் சிரிக்கும். முறம் தன் முன்னால் வந்து நின்றதும் அவள் கொழுந்தன் அங்கமுத்து தலையைச் சொறிந்தான்.

"ஏன் அண்ணி, என்னை மாட்டி விடுறீங்க? சேலை கட்டிவிட்டுருவானுங்க."

"அப்ப படி மேல நீ வாங்குற குவியல் எதுக்கு தம்பி? முறத்தைப் பார்த்துப் பயப்படுறதுக்கா?"

களம் முழுக்கச் சிரித்தது. பக்கத்து முறத்தில் உட்கார்ந்திருந்த பொன்னாயி மட்டும் கொளஞ்சியம்மாள் காதோரம் முணுமுணுத்தாள்: "இருக்குற நாலு படியும் போயிடும்டி."

"போகாது. மேகத்தைப் பாரு."

முதல் துளி நடராசனின் தோளில் விழுந்தது. நனைந்த கம்பு முளைத்துவிடும் என்பது அவருக்குத் தெரியாதா? கோலை முழங்காலில் வைத்து ஒடித்து வேலிக்கு வெளியே எறிந்தார்.

முறங்கள் நிமிர்ந்தன. பெருமழை இறங்குவதற்குள் அம்பாரம் கூரைக்குள் போய்விட்டது. கொளஞ்சியம்மாளின் மடியில் நாலு படியும் குவியலோடு விழுந்தன. ஒரு மணிகூடச் சிந்தாமல் முடிந்துகொண்டாள்.

செட்டிகுளத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்று அமிர்தசாமியின் ஆராய்ச்சி மறுவருஷம் அச்சில் வந்தது. எழுதியபோது பொய்யாக இருந்த அந்த வரி, அச்சேறும்போது உண்மையாகியிருந்தது.